ஏஜென்சிக்காரருக்கு வேறு வேலை வராதாம்!

கொழும்புத் தமிழர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஏஜென்சியில் ஏழெட்டு வருஷம் மேசையில் இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டு வந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், அது வெளியே வந்துவிடும். வெள்ளவத்தையில் என்றால், "ஏஜென்சியிலதானே நிண்டவர்? வாயால பிழைச்ச ஆள். இனி என்ன செய்யப்போறார்?" கொட்டாஞ்சேனையில் என்றால், "ஆள் அனுப்புற ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு வேற வேலை ஒத்துவராதுங்க." பேச்சு வழக்குத்தான் மாறுகிறது.

இதைச் சொல்பவர்கள் வம்பர்களாக இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன் சொல்கிறார். கடைக்கு நம்பிக்கையான மனேஜர் தேடுகிற முதலாளி சொல்கிறார். வங்கியில் நேர்முகப் பரீட்சைக் குழுவில் இருக்கிற அக்கா சொல்கிறார். நிதானமானவர்கள், நாலு பேர் காது கொடுத்துக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கிறார்கள். கேட்டவர் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்.

இந்த நம்பிக்கைக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, அவருக்குத் தொழில் எதுவும் தெரியாது, பேசத்தான் தெரியும். மற்றது, ஆளைக் கடத்திக் காசு பார்த்தவர், நம்பமுடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். ஒன்றும் தெரியாதவர் எப்படி அவ்வளவு கெட்டிக்காரக் கள்ளனாக இருக்க முடியும் என்று ஒருவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

முதற் குற்றச்சாட்டை எடுப்போம். மருதானைப் பக்கம் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு ஏஜென்சியின் மேசையில் என்ன நடக்கிறது? ரியாத்திலிருந்தோ குவைத்திலிருந்தோ ஜொப் ஓர்டர் வருகிறது. அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதியைப் பெறவேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பணியகம் அது. பத்தரமுல்லையில் இருக்கும் அதன் தலைமை அலுவலகத்துக்கு எந்தக் கடதாசியை எந்த ஒழுங்கில் கொண்டுபோனால் அன்றைக்கே வேலை முடியும், எதை விட்டுவிட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பது மேசையில் இருப்பவருக்கு மனப்பாடம். பிறகு ஆள் வருகிறார். ஹற்றனில் இருந்து ஒரு அம்மா, மூதூரில் இருந்து ஒரு பிள்ளை, புத்தளத்தில் இருந்து ஒரு தம்பி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் மூன்றாவது ஒன்று. சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு எழுதுவினைஞர் முப்பது வருஷத்துக்கு முன் இராஜேஸ்வரி என்ற பெயரை எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதிவைத்திருப்பார். தோட்டப்புறத்தில் பிறந்தவர் என்றால் சில வேளை பிறப்புப் பதிவே இருக்காது. உத்தேச வயதுச் சான்றிதழில் தொடங்கவேண்டும். கிராம அலுவலர், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம், குடிவரவுத் திணைக்களம் என்று ஒரு சங்கிலி. எந்தக் கண்ணியில் பிழை இருக்கிறது என்று முதற் பார்வையிலேயே கண்டுபிடிக்கத் தெரியாதவர் அந்த மேசையில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார்.

பெயர் சரிவந்தால் மெடிக்கல். மெடிக்கலுக்கு ஒரு காலக்கெடு, விசாவுக்கு ஒரு காலக்கெடு, பணியகத்தின் பயிற்சி வகுப்புக்கு ஒரு திகதி. ஒன்று பிந்தினால் மற்றது காலாவதியாகி, முதலில் இருந்து தொடங்கவேண்டும். 2013 முதல் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, தாய் போனால் அவர்களை யார் பார்ப்பது என்று அரசு கேட்கிறது. அந்தக் கேள்விக்கான விடையை அந்த அம்மாவின் வாயிலிருந்து மரியாதையோடு வாங்கிப் படிவத்தில் எழுதுவதும் இந்த மேசையின் வேலைதான். அறிக்கை நியாயமா என்பது வேறு வாதம். எனக்கு அதில் பல கேள்விகள் உண்டு.

ஆள் ஏறிப்போன பிறகும் வேலை முடிவதில்லை. மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை, வீட்டு மேடம் போனைப் பறித்துவிட்டாள் என்று இரவில் அழைப்பு வரும். அழுகையைக் கேட்கவேண்டும், அதிலிருந்து திகதி, முகவரி, ஒப்பந்த இலக்கம் ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்கவேண்டும், அங்குள்ள ஏஜென்சிக்கும் தூதரகத்துக்கும் எழுதவேண்டும். ஊரில் இருக்கும் கணவனுக்கு அதே செய்தியை அவன் பதறாத விதத்தில் சொல்லவும் வேண்டும். எல்லா மேசைகளிலும் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. நடக்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்றுதான் சொல்கிறேன்.

இதற்குப் பெயர் வாய்ப் பிழைப்பா? நாங்கள் கல்யாணத் தரகரை மதிக்கிறோம். இரண்டு குடும்பங்களின் குறிப்பு, சீதனம், குணம், கோபம் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது என்று வியக்கிறோம். ஏஜென்சி மேசையில் இருப்பவர் அதே வேலையைச் சட்டம், மருத்துவம், மூன்று அரசாங்கங்கள் ஆகியவற்றோடு சேர்த்துச் செய்கிறார். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்கிறோம்.

மொழியை மறந்துவிட்டேன். மருதானை மேசையில் தமிழ் மட்டும் தெரிந்துகொண்டு இருக்கமுடியாது. காலையில் வந்த பத்துப் பேரில் ஆறு பேர் சிங்களத்தில் பேசுவார்கள். கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில். அரபியிலும் பெயர், தொகை, மாதம், தொழில் வாசிக்கும் அளவுக்குப் பழகிவிடும். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் ஒரு தமிழர் அரச அலுவலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ தமிழில் கடிதம் எழுதினால் தமிழில் பதில் வருமா என்று இன்றும் பந்தயம் கட்டலாம். தமிழில் கேட்டுச் சிங்களத்தில் படிவம் நிரப்பி ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் வேலை தேடி வெள்ளவத்தையில் நடக்கிறார். இரண்டு தெரு தள்ளி ஒரு நிறுவனம் மும்மொழி தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாம் சொல்லும் அந்த ஒற்றை வரி.

இந்தக் கைப்பழக்கம் எங்கே பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு வங்கியைக் காட்டுகிறேன். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளர் யார் என்று ஆவணத்தோடு உறுதிப்படுத்தாமல் வங்கி கணக்குத் திறக்கமுடியாது. 2017இல் இலங்கை பணச்சலவை தொடர்பான சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலில் விழுந்தது. 2019இல்தான் அதிலிருந்து மீண்டது. அந்தக் காலத்தில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஆவணம் பார்க்கும் மேசைகளைப் பெருப்பித்தன. போலிக் கடவுச்சீட்டையும் திருத்திய பிறந்த திகதியையும் கண்ணால் பிடிக்கக்கூடியவர் யார்? பட்டதாரிப் பயிலுநருக்கு அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஏஜென்சியில் இருந்தவர் அதைப் பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்கு வார்ஃப் கிளார்க்கின் வேலை என்னவென்று சொல்லத் தேவையில்லை; அதுவும் கடதாசி, காலக்கெடு, திணைக்களம் என்ற அதே மூன்றுதான். காப்புறுதி இழப்பீட்டுப் பிரிவு, தனியார் வைத்தியசாலையின் அனுமதிப் பிரிவு, ஆடைத் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவு, கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் என்று பட்டியல் நீளும். நீட்டவில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. அது லேசானதல்ல, அதை லேசாகத் தட்டிவிடவும் மாட்டேன். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவருக்குப் 17 வயது. பிறப்புச் சான்றிதழின்படி பிறந்த ஆண்டு 1988. கடவுச்சீட்டில் இருந்தது 1982. அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. பொய் ஆவணத்தோடு அவரை அனுப்பிய குற்றத்துக்காகக் கொழும்பில் இரண்டு முகவர்கள் சிறைத் தண்டனை பெற்றார்கள். எங்கோ ஒரு மேசையில் அந்த ஆறு வருஷம் கூட்டப்பட்டது. அந்த மேசையைப் பற்றி எனக்கும் உங்களுக்கு இருக்கும் அதே கோபம்தான்.

ஆனால் கோபம் யார் தலையில் போய் விழுகிறது என்று பாருங்கள். ஏஜென்சிக்கு உரிமம் எடுத்தவர் ஒருவர். ஊரூராய்ப் போய் ஆள் பிடித்துக் குடும்பத்துக்கு முற்பணம் கொடுத்து வாக்கை வாங்குகிற சப் ஏஜென்ட் இன்னொருவர். மேசையில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர் மூன்றாமவர். உரிமம் எடுத்தவர் கோயில் திருவிழாவில் உபயகாரர். அவருக்குக் காளாஞ்சி கொடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், மண்டபக் கட்டட நிதிக்கு அவரிடமே போய் நிற்கிறோம். சப் ஏஜென்ட் ஊரில் ஆபத்துக்கு உதவுகிற அண்ணை. கள்ளன் என்ற பட்டம் மட்டும் மேசையை விட்டு எழுந்து வேலை தேடுகிற கிளார்க்குக்கு. அந்தப் பட்டத்தைக் கொடுக்கும்போது அவர் ஏன் எழுந்தார் என்று நாம் கேட்பதில்லை. வயதைக் கூட்டி எழுது என்று சொன்னபோது மாட்டேன் என்று எழுந்திருக்கலாம். இரவு அழைப்புகளைத் தாங்கமுடியாமல் எழுந்திருக்கலாம். அவர் நேர்முகத்தில் அதைச் சொல்லவும் முடியாது. பழைய இடத்தைக் குறைசொல்கிறார் என்று அதற்கும் ஒரு புள்ளி குறைப்பார்கள். மனச்சாட்சியால் வெளியே வந்தவரை மனச்சாட்சி இல்லாதவர் என்று சொல்லி வாசலில் நிறுத்தினால், அடுத்த முறை மேசையில் இருப்பவர் வயதைக் கூட்டி எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பார். இந்த நம்பிக்கையினால் தொழில் சுத்தமாவதில்லை. அதை விட்டுப் போக நினைப்பவருக்குக் கதவை அடைப்பதுதான் மிச்சம்.

ஆள் சேர்க்கிற தொழிலில் இருந்தவர்களுக்கு வேறு வாழ்க்கை கிடையாது என்று சொல்ல, உலகத்தில் வேறு யாருக்கு உரிமை இருந்தாலும் இலங்கைத் தமிழ் பேசும் சமூகத்துக்கு இல்லை. எங்களுடைய ஒரு நூற்றாண்டு வரலாறே ஆள்சேர்ப்பு வரலாறு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. தன் ஊருக்கே திரும்பிப் போவார், சொந்தக்காரரிடமும் கடன்காரரிடமும் பேசுவார், கையில் முற்பணம் கொடுப்பார், மண்டபம் முகாம் வழியாகக் கூட்டிவருவார். தோட்டத்தில் அவரே மேற்பார்வையாளர், கடன்காரர், கடைக்காரர், பஞ்சாயத்துக்காரர். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு. ஒரு கூட்டத்தின் கடன் முழுவதையும் ஒரு சீட்டில் எழுதி, கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு அந்த ஆட்களையே மாற்றிவிடும் துண்டு முறை 1921 வரை சட்டப்படி இருந்தது. தோட்டத் துரைமார் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் அமைத்து ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தப் பார்த்தபோதும் கங்காணி இல்லாமல் முடியவில்லை. புடவை வியாபாரிபோலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை நேரில் பார்த்த கோ. நடேசய்யர், கங்காணிமாரின் கொடுமையை எழுதியும் பேசியும் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார். எந்த மருதானை ஏஜென்சிக்காரரும் பெரிய கங்காணியின் அதிகாரத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. கங்காணியின் ஆள்பிடிக்கும் தொழில் அத்தோடு முடிந்தது. கங்காணிமார் எல்லோரும் தெருவில் நின்றார்களா? அதற்கு முன்பே பலர் வேறு பக்கம் போயிருந்தார்கள். கருப்பையா என்ற ஒருவர் தோட்டத் தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, பிறகு இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் சௌமியமூர்த்தி தொண்டமான், தகப்பன் எந்தத் தொழிலாளரை நிர்வகித்தாரோ அவர்களுக்கே தலைவராகி, 1947இல் பாராளுமன்றம் போய், 1978இல் அமைச்சரானார். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆள் சேர்த்தவருக்கு வேறு தொழில் வராது என்ற வாக்கியத்தை மட்டும் அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு சொல்லமுடியாது. மலையக இலக்கியத்தின் முன்னோடி சி.வி. வேலுப்பிள்ளையும் கங்காணி குடும்பத்துப் பிள்ளைதான்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தோட்டம் வாங்கியவர் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே இருந்த சில்லறைக் கங்காணி தோட்டம் வாங்கவில்லை. அவர் கடைசிவரை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, பலவேளை பட்டினியோடும் இருந்து, போய்ச் சேர்ந்தார். பெரியவரிடம் தலைக்காசு சேர்ந்து முதலாக இருந்தது. சின்னவரிடம் தொழில் தெரிந்த தலை மட்டும் இருந்தது. இன்றும் அதேதான். ஏஜென்சி முதலாளி நாளைக்கு ஹோட்டல் போடுவார், வீடு கட்டி விற்பார், நகைக்கடை திறப்பார். "நல்ல பிசினஸ் மூளை" என்போம். அவருடைய கிளார்க் வங்கிக்கு விண்ணப்பித்தால் "வேறு வேலை தெரியாது" என்போம். ஆகவே எங்கள் ஐயம் உண்மையில் தொழிலைப் பற்றியது அன்று, பையில் இருக்கும் காசைப் பற்றியது.

அடிக்கடி வேலை மாறுகிறார் என்று குறை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019இல் இந்த நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 2020இல் விமான நிலையம் மூடியதும் அது ஐம்பத்து நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் டொலரும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது மூன்று லட்சத்தைத் தாண்டி ஏறியது. அதற்கு முன் 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோதும் இதே கூத்துத்தான். மேசைக்காரர் இருந்த இடத்தில்தான் இருந்தார். மேசை மேலும் கீழும் போய்வந்தது. 2020இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பிக்மீ ஓடினார்கள், ரீலோட் விற்றார்கள், அக்காவின் கடையில் நின்றார்கள். அந்த இரண்டு வருஷத்தைச் சுயவிபரத்தில் பார்த்துவிட்டு "நிலையில்லாத ஆள்" என்று முடிவுகட்டுபவர், அதே இரண்டு வருஷம் தன்னுடைய சம்பளத்தையும் பாதியாக வாங்கியவராக இருப்பார்.

கோட்டையிலும் யூனியன் பிளேஸிலும் கண்ணாடி அறைக்குள் இருந்து கம்பனிகளுக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலம் நன்றாக இருப்பதால் கள்ளன் என்ற பட்டம் இல்லை. "எச்ஆர் எல்லாம் ஒரு வேலையா" என்ற இளக்காரம் மட்டும் உண்டு. அவர்கள் விலகும்போதும் இதே கதைதான், கொஞ்சம் நாகரிகமாக.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதனால் காசு பார்ப்பவர்கள் காலி வீதி முழுவதும் பலகை வைத்திருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் சொன்னால், சரி, புதிதாக எதையாவது படி என்று அடுத்த பலகை சொல்கிறது. ஆறு மாத டிப்ளோமா, ஒன்பது மாத டிப்ளோமா, லண்டன் பெயர் போட்ட சான்றிதழ். முப்பத்தைந்து வயதில், சேமிப்பை எல்லாம் கட்டி, இருபது வயதுப் பிள்ளைகளோடு முதலாம் பாடத்தில் இருந்து உட்காருகிறார் ஒருவர். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கியல் பலவீனம் என்றால் கணக்கியல் படிக்கலாம். சிங்களத்தில் எழுதத் தயக்கம் என்றால் அதைச் சீர்செய்யலாம். தன்னிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக் காசு கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இன்னொரு வகை மாற்றமும் உண்டு. ஏஜென்சியை விட்டு விலகி ஸ்டூடண்ட் விசா கன்சல்டன்சியில் சேர்வது. வெள்ளவத்தையில் இதுதான் மிக எளிதாகத் திறக்கும் கதவு. சவூதிக்குப் பதில் கனடா, வீட்டுவேலைக்குப் பதில் கல்லூரி, முற்பணத்துக்குப் பதில் காணி ஈடு. மேசை அதே மேசை. மனச்சாட்சிக்காக முதல் மேசையை விட்டவர் இரண்டாவது மேசையில் நிம்மதியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அவருக்கு எத்தனை தொடர்பு! எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்" என்ற புகழ்ச்சியையும் நம்பாதீர்கள். அந்தத் தொடர்பெல்லாம் மேசைக்கு வந்த தொடர்பு. எழுந்த மறுவாரமே போன் அடங்கிவிடும்.

அப்படியானால் அவர்களை உண்மையில் தடுப்பது எது? மற்றவர்களுடைய வாழ்க்கையை ஆவணமாக்கித் தந்தவரிடம் தன் வாழ்க்கைக்கு ஆவணம் இல்லை. இந்த நாட்டில் மேசனுக்கும் தச்சனுக்கும் சமையற்காரருக்கும், பள்ளிக்கூடம் போகாமல் கையால் கற்ற வேலைக்கு, முன்கற்றலைப் பரிசோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நூறு பேருக்கு வழிகாட்டியவர் ஏஜென்சி மேசைக்காரர். அவரிடம் நியமனக் கடிதமே இருக்காது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 முதல் இருக்கிறது. நியமன விபரத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். பல சின்ன ஏஜென்சிகளில் அடிப்படைச் சம்பளம் என்று ஒரு சிறு தொகையும் மீதி கமிஷனாகவும் போகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் என்பது சட்டம். ஆனால் எந்தத் தொகைக்கு என்பதில்தான் விளையாட்டு. அடிப்படைக்கு மட்டும் கட்டுவார்கள், அல்லது கட்டவே மாட்டார்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பத்துப் பேரோடு நடக்கும் அலுவலகத்தில் அதுவும் இல்லை. ஒன்பது வருஷம் வேலை செய்தவர் காகிதத்தில் நாலு வருஷக்காரராக, பாதிச் சம்பளக்காரராக வெளியே வருகிறார். புதிய இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "பெரிய அனுபவம் என்று சொல்ல ஒன்றும் இல்லையே" என்கிறார்கள்.

இதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: மாறுகிறவருக்கு முதல் வருஷம் சம்பளம் இறங்கும். கமிஷனுக்குப் பழகியவருக்கு மாத முடிவில் வரும் ஒரே தொகை வெறுமையாகத் தெரியும். ஏஜென்சியில் எதையும் "இண்டைக்கே முடிச்சுத் தாறன்" என்று சொல்லிப் பழகிய வாய், வங்கியிலும் காப்புறுதியிலும் அதைச் சொல்லக்கூடாது. அங்கே முடியாது என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கத்தை விடச் சிலருக்குச் சில மாதம் எடுக்கும், சிலரால் முடியாமலும் போகும். ஆசிரியராக இருந்து வியாபாரத்துக்கு வந்தவருக்கும், இராணுவத்தில் இருந்து காவலாளி வேலைக்கு வந்தவருக்கும் இதே சிரமம் உண்டு. அவர்களைப் பார்த்து "வேறு வேலை தெரியாது" என்று நாம் சொல்வதில்லை, "பழகிவிடுவார்" என்கிறோம்.

ஏஜென்சியை விட்டுப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எழும்புவதற்கு முன் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம் இல்லாவிட்டால் கேளுங்கள். சேமலாப நிதியில் உங்கள் பெயரில் எந்த மாதத்தில் இருந்து எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். குறைந்திருந்தால் தொழிற் திணைக்களத்தில் முறையிடலாம். சுயவிபரத்தில் "ஆட்சேர்ப்பு அதிகாரி" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஆவணங்களைச் சரிபார்த்தீர்கள், எந்தத் திணைக்களங்களோடு வேலை செய்தீர்கள், எந்த மொழியில் என்ன எழுதினீர்கள் என்று எழுதுங்கள். வயதைக் கூட்டி எழுத மறுத்திருந்தால் அதையும் நேர்முகத்தில் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அதற்குப் புள்ளி குறைக்கும் இடத்தில் வேலை கிடைக்காமல் போவது உங்களுக்கு நஷ்டமில்லை.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏஜென்சியில் இருந்தவருடைய விண்ணப்பம் வந்தால் ஓரமாக வைக்காதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் முடியாமல் கிடக்கும் பழைய கோவை ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் என்ன பிழை, யாரிடம் போனால் தீரும் என்று கேளுங்கள். அரைமணி நேரம் கொடுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு வேலை கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.